குடியேறியோர் பெருகினால் வட்டாரத்தில் குற்றம் பெருகுமா? டொராண்டோ தரவை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கும் முறை

“அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் குடிவந்த பிறகுதான் திருட்டும் அடிதடியும் கூடிப்போச்சு.” இந்தப் பேச்சு உலகின் எல்லா நகரங்களிலும் உண்டு. இதைக் கேட்டதும் கோபப்படுவதோ தலையாட்டுவதோ வேண்டாம். சரிபார்க்க முடிகிற கூற்று இது. சரிபார்க்கக் கனடாவின் டொராண்டோவைவிட வசதியான நகரம் கிடைப்பது கடினம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் குடியேறியவர்கள். நகரம் 158 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மக்கள்தொகை விவரமும் போலீஸ் பதிவும் இலவசமாகக் கிடைக்கின்றன. எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளும் இரண்டு நாள் நேரமும் போதும். நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வசிக்கும் தமிழர்களுக்கு இது தங்கள் தெருவைப் பற்றிய கணக்கும்கூட.

கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

“குடியேறியவர்கள் அதிகம் குற்றம் செய்கிறார்களா?” என்பது ஒரு கேள்வி. “குடியேறியவர்கள் அதிகம் வாழும் இடத்தில் குற்றம் அதிகமா?” என்பது வேறு கேள்வி. முதலாவது ஆட்களைப் பற்றியது, இரண்டாவது இடத்தைப் பற்றியது. டொராண்டோ போலீஸின் திறந்த தரவில் குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே பிறந்தார் என்ற விவரமே இல்லை. ஆகவே இந்தத் தரவை வைத்து இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லலாம். அந்தப் பதிலை முதல் கேள்விக்குத் தூக்கிக்கொண்டு போனால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

எப்படிக் கவிழும் என்பதைச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் காட்டினார். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை எடுத்து, வெளிநாட்டில் பிறந்தோர் விகிதத்தையும் எழுத்தறிவின்மையையும் மாநிலவாரியாக ஒப்பிட்டார். ஒட்டுறவு எண் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று −1 முதல் +1 வரை காட்டும் எண்) −0.53 வந்தது. வெளிநாட்டில் பிறந்தோர் கூடுதலாக இருக்கும் மாநிலத்தில் எழுத்தறிவின்மை குறைவு என்று பொருள். அதே கணக்கை ஆள்வாரியாகப் போட்டபோது +0.12 வந்தது. அதாவது உள்ளூரில் பிறந்தவர்களைவிட வந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். குறியே தலைகீழானதற்குக் காரணம், வந்தவர்கள் போய்க் குடியேறிய மாநிலங்களில் உள்ளூர்க்காரர்கள் நன்றாகப் படித்திருந்ததுதான். குற்றத்துக்கும் இதே பொறி காத்திருக்கிறது. வாடகை மலிவான இடத்தில்தான் புதிதாக வந்தவர் வீடு பிடிப்பார். அந்த இடத்தில் குற்றம் ஏற்கெனவே கூடுதலாக இருந்திருக்கலாம்.

தேவையான கோப்புகள்

முதலாவது, நகராட்சியின் திறந்த தரவுத் தளத்தில் உள்ள வட்டார விவரக் கோப்பு. கனடா புள்ளியியல் துறையின் கணக்கெடுப்பை வட்டாரவாரியாகத் தொகுத்தது இது. இதில் பல நூறு வரிகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை சில மட்டும்: மொத்த மக்கள்தொகை, குடியேறியோர், எந்தக் காலத்தில் வந்தனர், நிரந்தரவாசி உரிமை இல்லாதோர், எத்தனையாவது தலைமுறை, குறைந்த வருமானத்தில் வாழ்வோர், வாடகை வீடுகள், 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்கள்.

இங்கே “குடியேறியோர்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரந்தரவாசி உரிமை பெற்றவர், பிறகு குடிமகனாகிவிட்டவர் இருவரும் இதற்குள் அடக்கம். 1985இல் வந்து நாற்பது ஆண்டாக வரி கட்டுபவரும், 2020இல் வந்து இறங்கியவரும் ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆனால் படிக்க வந்த மாணவர், தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர், அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர் இதில் வரமாட்டார்கள். அவர்கள் “நிரந்தரவாசி உரிமை இல்லாதோர்” என்ற தனி வரியில் இருப்பார்கள். ஊர்ப்பேச்சில் “புதுசா வந்தவங்க” என்பது பெரும்பாலும் இந்தத் தனி வரியையும், 2016–2021 காலத்தில் வந்தோர் என்ற வரியையும் சேர்த்துத்தான். இரண்டையும் தனித்தனி நிரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டொராண்டோ போலீஸின் முக்கியக் குற்றக் கோப்பு. 2014 முதல் பதிவான தாக்குதல், வீடு மற்றும் கடை உடைப்பு, வாகனத் திருட்டு, வழிப்பறி, 5,000 டாலருக்கு மேற்பட்ட திருட்டு ஆகிய ஐந்து வகைகள் இதில் உண்டு. கொலையும் துப்பாக்கிச்சூடும் தனிக் கோப்புகள். பாலியல் குற்றங்கள் அந்தரங்கம் கருதிச் சேர்க்கப்படவில்லை. ஆகவே “மொத்தக் குற்றம்” என்ற தலைப்பை உங்கள் அட்டவணையில் எங்கேயும் போடாதீர்கள்.

குற்றக் கோப்பைச் சுத்தம் செய்தல்

கோப்பைத் திறந்ததும் முதல் நிரல்களில் நிகழ்வு எண் தெரியும். “ஜிஓ” என்ற எழுத்துகளும் ஆண்டும் தொடர் எண்ணும் சேர்ந்தது அது. அந்த நிரலை வரிசைப்படுத்திக் கீழே நகர்ந்தால், ஒரே எண் இரண்டு மூன்று வரிகளில் வருவதைப் பார்ப்பீர்கள். ஒரு மதுக்கடை வாசலில் நடந்த ஒரே சண்டையில் மூன்று பேர் அடிபட்டிருந்தால் மூன்று வரி விழலாம். ஏனென்றால் குற்றவகை, பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கில் வரிகள் பிரிகின்றன. சம்பவங்களை எண்ணுவதா, வரிகளை எண்ணுவதா என்று இப்போதே முடிவெடுங்கள். சம்பவம் என்றால் நிகழ்வு எண்ணையும் குற்ற வகையையும் சேர்த்து வைத்து இரட்டிப்புகளை நீக்குங்கள். நிகழ்வு எண்ணை மட்டும் வைத்து நீக்கினால், வழிப்பறியும் தாக்குதலும் சேர்ந்து நடந்த சம்பவத்தில் ஏதோ ஒன்று காணாமல் போய்விடும்.

அடுத்து தேதி. நடந்த தேதி, புகார் கொடுத்த தேதி என இரண்டு நிரல்கள் இருக்கும். நடந்த தேதியை எடுங்கள். பல ஆண்டு முந்தைய குற்றம் இன்று புகாராகி, இந்த ஆண்டுக் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

வட்டார நிரலில் “என்எஸ்ஏ” என்று இருந்தால் இடம் தீர்மானிக்கப்படவில்லை, அல்லது சம்பவம் நகருக்கு வெளியே நடந்தது. அவற்றின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சுழியாக இருக்கும். வரைபடத்தில் போட்டால் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கடலில் போய் விழும். இவற்றை நீக்குங்கள். எத்தனை நீக்கினீர்கள் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். அந்தரங்கம் காக்க, ஒவ்வொரு சம்பவத்தையும் அருகில் உள்ள தெருச்சந்திப்புக்கு நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். எல்லையாக ஓடும் பெரிய சாலையில் நடந்தது பக்கத்து வட்டாரத்தில் விழ வாய்ப்புண்டு. இரண்டு பக்கத்து வட்டாரங்களுக்கு இடையே உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எதால் வகுக்கிறீர்கள்?

சம்பவ எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்கினால் விகிதம். சூத்திரம் எளிது. தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நடக்கிறது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வகுப்பது அங்கே இரவில் தூங்குபவர்களின் எண்ணிக்கையால். குற்றமோ பகலில் வந்துபோகிறவர்களையும் சார்ந்தது. நகர மையத்தில் யங்–பே காரிடார் போன்ற வட்டாரத்தில் குடியிருப்பவர் கொஞ்சம். அலுவலகத்துக்கும் கடைக்கும் வந்துபோகிறவர் பெருங்கூட்டம். அங்கே விகிதம் வானத்தைத் தொடும். அதற்கும் குடியேற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்க, நகரின் வடமேற்கு மூலையில் உள்ள வெஸ்ட் ஹம்பர்–கிளேர்வில் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறியோர் நிறைந்த வட்டாரம். வாகனத் திருட்டில் ஆண்டுதோறும் பட்டியலின் உச்சியில் நிற்பதும் அதுதான். இரண்டு நிரலை மட்டும் ஒட்டிப் பார்ப்பவர் “இதோ ஆதாரம்” என்று எழுந்து நிற்பார். வரைபடத்தைத் திறந்தால் கதை மாறும். பக்கத்திலேயே பியர்சன் விமான நிலையம், வுட்பைன் குதிரைப் பந்தயத் திடலும் சூதாட்ட விடுதியும், பெரிய தொழிற்பேட்டை, ஹம்பர் பாலிடெக்னிக் கல்லூரி. இவை ஒவ்வொன்றுக்கும் ஏக்கர் கணக்கில் வாகன நிறுத்தம். நெடுஞ்சாலை ஏற ஐந்து நிமிடம் போதும். திருட்டுக் கும்பலுக்கு வேண்டியது வரிசையாக நிற்கும் விலை உயர்ந்த எஸ்யூவி. சுற்றி யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. கோப்பில் “இட வகை” என்ற நிரல் உண்டு: வீடு, அடுக்குமாடி, வணிக இடம், வெளிப்புறம், போக்குவரத்து, கல்விக்கூடம், மற்றவை. பிவட் டேபிளில் (விரிதாளில் தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வட்டாரத்தை வரியாகவும் இட வகையை நிரலாகவும் போட்டுப் பாருங்கள். குடியிருப்பில் நடந்தது எவ்வளவு, பொது இடத்தில் நடந்தது எவ்வளவு என்று பிரிந்து வரும்.

வாகனத் திருட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2019க்கும் 2023க்கும் இடையில் டொராண்டோ முழுவதும் அது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வாகனங்களைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் கும்பல்களின் வேலை அது. வட்டாரத்தின் அமைதியை அளக்க அது பொருத்தமான அளவுகோல் இல்லை. ஐந்து வகைகளையும் கூட்டி ஒரே விகிதமாக்கினால், இந்த ஒரு வகையே உங்கள் முடிவை இழுத்துப் போய்விடும். தாக்குதல், வழிப்பறி, உடைப்பு மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

பிறகு சிறு எண் தொல்லை. உதாரணத்துக்கு, 8,000 பேர் வாழும் வட்டாரத்தில் சென்ற ஆண்டு 4 வழிப்பறி, இந்த ஆண்டு 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 50லிருந்து 87.5க்கு ஏறுகிறது. “வழிப்பறி 75 விழுக்காடு உயர்வு” என்று தலைப்புப் போடலாம். உண்மையில் நடந்தது கூடுதலாக மூன்று சம்பவம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்கு மேலும் கீழும் ஆடுவது சாதாரணம் என்று மனத்தில் கொள்ளுங்கள். 9 என்றால் மூன்றிலிருந்து பதினைந்துவரை ஆடலாம். 400 என்றால் 360 முதல் 440. ஆகவே மூன்று ஆண்டுகளைச் சேர்த்து, மூன்றால் வகுத்துச் சராசரி எடுங்கள். 20க்குக் குறைவான எண்ணிக்கை வரும் இடத்தில் விகிதத்தைத் தனியாக மேற்கோள் காட்டாதீர்கள்.

கொலையை வட்டார அளவில் ஒப்பிடவே வேண்டாம். 2018 ஏப்ரல் 23 அன்று நகரின் வடபகுதியில் யங் தெரு நடைபாதையில் ஒருவன் வேனை ஏற்றியதில் அன்றே 10 பேர் இறந்தார்கள். கொரியர், ஈரானியர், சீனர் நிறைந்த பகுதி அது. அந்த ஆண்டுக் கணக்கில் அந்த வட்டாரத்தின் கொலை விகிதம் செங்குத்தாக எழும். செய்தவன் அங்கே குடியிருந்தவனே அல்ல. டொராண்டோ எல்லைக்கு வெளியே, ரிச்மண்ட் ஹில்லிலிருந்து வந்தவன். வட்டாரக் குற்ற விகிதம் குற்றம் நடந்த இடத்தைச் சொல்லும். செய்தவர் வீட்டு முகவரியைச் சொல்லாது.

ஏழ்மையைப் பிரித்தெடுக்கும் எளிய வழி

இப்போது 158 வரிகள் கொண்ட ஒரே தாள் உங்கள் கையில் இருக்கும். முதலில் குடியேறியோர் விகிதத்துக்கும் தாக்குதல் விகிதத்துக்கும் நேரடியாக ஒட்டுறவு போடுங்கள். மூல எண்ணுக்குப் பதில் தரவரிசையை வைத்துப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் நகர மையத்தின் நான்கைந்து வட்டாரங்கள் முடிவைத் திருப்பிவிடும். 158 புள்ளிகளுக்கு −0.16க்கும் +0.16க்கும் இடையில் வரும் எண்ணைச் சுழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு தாளைக் குறைந்த வருமான விகிதப்படி வரிசைப்படுத்தி 53, 53, 52 என மூன்று கட்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் குடியேறியோர் அதிகம் உள்ள பாதி, குறைவாக உள்ள பாதி என்று பிரித்து, சராசரி விகிதத்துக்குப் பதில் நடுவெண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பாருங்கள். ஏழை வட்டாரத்தை ஏழை வட்டாரத்தோடுதான் ஒப்பிடுகிறீர்கள். இந்த ஒரு படி செய்யப்படாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள். அடுத்து வாடகை வீட்டு விகிதத்தை வைத்து இதே வெட்டு. அதற்கடுத்து இளைஞர் விகிதத்தை வைத்து. பின்னோக்குப் பகுப்பாய்வு (ரெக்ரஷன்: பல காரணிகளின் விளைவை ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்கும் முறை) தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம். ஆனால் இந்த வெட்டு அட்டவணையை யாருக்கும் காட்டிப் புரியவைக்க முடியும்.

2021 கணக்கெடுப்பின் வருமான விவரம் 2020ஆம் ஆண்டுக்கு உரியது. அந்த ஆண்டு கொரோனா உதவித்தொகை பலரை வறுமைக் கோட்டுக்கு மேலே தூக்கியது. எனவே அந்த விகிதத்தை வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள். “வறுமை இவ்வளவு குறைந்தது” என்று 2016ஓடு ஒப்பிட்டு எழுதாதீர்கள்.

கணக்கு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, தெரிந்த இரண்டு முனைகளைச் சோதியுங்கள். ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட் நார்த், மில்லிகன் வட்டாரங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடியேறியவர்கள். அங்கே தாக்குதல் விகிதம் தாழ்ந்திருக்க வேண்டும். நகர மையத்தை ஒட்டிய மாஸ் பார்க்கில் குடியேறியோர் பங்கு அதைவிடக் குறைவு, தாக்குதல் விகிதமோ மிக உயர்வு. அங்கே வீடற்றோர் தங்குமிடங்களும் போதைப்பொருள் நெருக்கடியும் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன. உங்கள் தாளில் இது தலைகீழாக வந்தால் வட்டார எண்களை இணைக்கும்போது எங்கோ வரி தவறியிருக்கிறது.

காலத்தை வைத்துப் பார்த்தல்

ஒரே ஆண்டின் படத்தைவிட, குடியேற்றம் கூடியபோது குற்றம் கூடியதா என்ற கேள்வி வலிமையானது. இதற்கு 2016, 2021 கணக்கெடுப்புகள் இரண்டும் வேண்டும். 2011ஐத் தொடாதீர்கள். அந்த முறை கட்டாயமான நீண்ட படிவத்தை எடுத்துவிட்டு விருப்பக் கணக்கெடுப்பாக நடத்தினார்கள், சிறு பகுதிகளுக்கு அது நம்பகமில்லை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2016 விவரம் பழைய 140 வட்டாரங்களுக்கு, 2021 விவரம் புதிய 158க்கு. பழையவற்றில் 16 வட்டாரங்கள் மட்டும் உடைக்கப்பட்டு 34 ஆயின. மல்வெர்ன் இப்போது கிழக்கு, மேற்கு என இரண்டு. வுபர்னும் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தவற்றின் 2021 எண்ணிக்கைகளை மீண்டும் கூட்டி 140க்குக் கொண்டுவாருங்கள். விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, ஆட்களின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும். குற்றக் கோப்பில் பழைய வட்டார எண், புதிய வட்டார எண் இரண்டும் இருப்பதால் அந்தப் பக்கம் வேலை மிச்சம்.

குற்றத்துக்கு 2015–2017ஐயும் 2022–2024ஐயும் எடுங்கள். நடுவில் உள்ள பெருந்தொற்று ஆண்டுகளில் தெருவும் கடையும் வெறிச்சோடிக் கிடந்தன. ஒவ்வொரு வட்டாரத்தின் மாற்றத்திலிருந்தும் நகரம் முழுவதன் மாற்றத்தைக் கழியுங்கள். நகரமெங்கும் ஏறியது உங்கள் வட்டாரத்திலும் ஏறியிருந்தால் அதற்கு உள்ளூர்க் காரணம் தேட வேண்டியதில்லை. மிச்சம் நிற்கும் மாற்றத்தைக் குடியேறியோர் பங்கில் வந்த மாற்றத்தோடு ஒப்பிடுங்கள்.

புகார் பழக்கமும் கணக்கைக் கோணலாக்கும். கனடாவில் நடக்கும் சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்குகூடப் போலீஸுக்குப் போவதில்லை என்று குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் பற்றிய 2019 ஆய்வு காட்டியது. மொழி தெரியாதவரும், தங்கும் உரிமை உறுதியாகாதவரும் இன்னும் தயங்கலாம். ஆகவே குறைந்த எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், புகார் தவறாமல் வரும் வகைகளோடு ஒத்துப்பாருங்கள். காப்பீட்டுக்குப் போலீஸ் புகார் எண் தேவைப்படும் உடைப்பும், மருத்துவமனை வரை போகும் துப்பாக்கிச்சூடும் அத்தகையவை.

பிற ஊர்களில் என்ன வந்தது?

உங்கள் முடிவு வித்தியாசமாக வந்தால் எதோடு ஒப்பிடுவது? டொராண்டோவின் 2006 தரவை வைத்துக் கனடா புள்ளியியல் துறை செய்த ஆய்வில், மற்றவை சமமாக இருக்கும்போது, புதிதாகக் குடியேறியோர் கூடிய வட்டாரங்களில் வன்முறை குறைவாகவே இருந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் 180 வட்டாரங்களைச் சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சன் குழு ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது: மூன்றாம் தலைமுறை அமெரிக்கரைவிட முதல் தலைமுறையினர் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவு, இரண்டாம் தலைமுறைக்கு 22 விழுக்காடு குறைவு. தலைமுறை நிரலை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அமெரிக்காவில் 1994 முதல் 2014 வரை வந்த 51 ஆய்வுகளைக் கிரஹாம் ஊசி, சாரிஸ் குப்ரின் என்ற ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தபோது, தொடர்பு இல்லை என்பதே அதிகம் வந்த விடை, சராசரி மிகச் சிறிய எதிர்க்குறி, அதாவது குடியேற்றம் கூடிய இடத்தில் குற்றம் சற்றே குறைவு. அதே சிகாகோவில் 1942இலேயே ஷா, மெக்கே என்ற ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் ஆழமானது: ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் போய் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்த பிறகும் சில வட்டாரங்களில் சிறார் குற்றம் அதே உயரத்தில் நின்றது. ஆட்கள் மாறினார்கள், இடம் மாறவில்லை.

எதிர்த்திசையில் வந்த முடிவையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் பெல், ஃபசானி, மெஷின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013இல் இரண்டு அலைகளை ஒப்பிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் வந்த அடைக்கலம் கோரியோர் அலையில் சொத்துக் குற்றம் சிறிதளவு கூடியது. 2004க்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தோர் அலையில் கூடவில்லை. வன்முறை இரண்டிலுமே கூடவில்லை. முதல் கூட்டத்துக்கு வேலைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது, இரண்டாவது கூட்டம் வேலைக்கென்றே வந்தது. குடியேறியோர் எல்லாரையும் ஒரே நிரலில் போட்டுக் கலக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

எழுதும்போது

“குடியேறியவர்களால் குற்றம் கூடவில்லை” என்றும் எழுதாதீர்கள், “கூடியது” என்றும் எழுதாதீர்கள். இரண்டுமே உங்கள் தரவுக்கு அப்பாற்பட்டவை. இப்படி எழுதலாம்: “குறைந்த வருமானம் ஒத்த வட்டாரங்களுக்குள், குடியேறியோர் பங்கு அதிகமான பாதியில் 2022–2024 தாக்குதல் விகிதத்தின் நடுவெண் ஒரு லட்சத்துக்கு இவ்வளவு, குறைவான பாதியில் இவ்வளவு.” அருகிலேயே நீக்கிய வரிகளின் எண்ணிக்கை, சம்பவமா வரியா எதை எண்ணினீர்கள், எந்த வட்டாரங்களை விட்டீர்கள் என்பவற்றைப் போடுங்கள். நகர மையத்து வட்டாரங்களைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை ஓட்டி இரண்டு விடையையும் காட்டுங்கள். வரைபடத்தில் சிவப்பு, பச்சை தீட்டினால் வகைகளின் எல்லை எண்களையும் எழுதுங்கள். எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஒரு வட்டாரம் சிவப்பாகிவிடும், அங்கே குடியிருப்பவர்களின் பெயர் கெடும், வீட்டு விலையும் காப்பீடும்கூட அடிபடும்.

போலீஸ் கோப்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. இட்டுக்கட்டிய புகார் என்று தெரிந்தவை நீக்கப்படும், வகை மாற்றப்படும். தரவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்து, மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வையுங்கள். 2026 கணக்கெடுப்பின் வட்டார விவரம் வெளிவரும்போது இதே தாளில் ஒரு நிரலைச் சேர்த்து மறுபடி ஓட்டலாம்.